சங்கக் கட்டடத்தில் அழைப்பு மணியும் உட்தொலைபேசியும்

குன்றக்குடி மலைமேல் சண்முகநாதப் பெருமான் சந்நிதியில் மணி ஒலித்தால், அடிவாரத்துக் கடைத்தெருவில் இருப்பவர் பூசைவேளை வந்ததென உணர்ந்துகொள்கின்றனர். மணி ஒன்று, அது சொல்லும் செய்தியும் ஒன்று. கேட்டவர் எவருக்கும் விளக்கம் வேண்டுவதில்லை. ஆனால் இதே வட்டாரத்தில் உள்ள சங்கக் கட்டடம் ஒன்றில், கீழே விற்பனைப் பகுதியில் நிற்பவர் பின்கட்டுக் கிடங்கில் இருப்பவரை அழைக்க வேண்டுமானால், "அண்ணே, அண்ணே" என்று நான்கு முறை கூவ வேண்டியிருக்கிறது. அல்லது வாங்க வந்த அங்கத்தினரை நிற்கவைத்துவிட்டு ஓடிப்போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது. மாடியில் அலுவலகம், கீழே விற்பனை, பின்னே நூல் கிடங்கும் உரக் கிடங்கும் என்று சங்கங்கள் வளர்ந்துவிட்ட இக்காலத்தில் இந்தக் குறை பல இடங்களில் தலைகாட்டுகிறது.

"குறைந்த செலவில் எந்த இன்டர்காம் வாங்கலாம்?" என்று ஆய்வுக்குச் செல்லும் இடங்களிலெல்லாம் நிர்வாகிகள் நம்மை வினவுகின்றனர். கடைக்காரரைக் கேட்டால் அவர் தம்மிடம் உள்ளதையே நல்லதென்பார். அது அவர் தொழில். வாங்குகிறவர்தாம் தம் தேவையை அறிந்திருக்க வேண்டும். அதற்கு உதவியாகச் சில செய்திகளை இங்கே முறைப்படுத்தித் தர முற்படுகிறோம்.

அழைப்பது வேறு, பேசுவது வேறு

முதலில் தெளிய வேண்டுவது இது. அழைப்பு என்பது "வா" என்றோ, "கவனி" என்றோ, "ஆபத்து" என்றோ ஒரே ஒரு செய்தியைத் தெரிவிப்பது. பேச்சு என்பது கேள்வியும் மறுமொழியுமாக நடைபெறுவது. "நாற்பதாம் நம்பர் நூல் எத்தனை கட்டு இருக்கிறது?" என்று கேட்டு விடைபெற வேண்டிய இடத்தில் மணி பயன்படாது. கிடங்குக்காரரை வரவழைப்பது மட்டுமே தேவையான இடத்தில் தொலைபேசி வைப்பது வீண் செலவு.

நாம் பார்த்த ஒரு சங்கத்தில் பதினாறு இணைப்புகள் உள்ள எக்ஸ்சேஞ்சு வாங்கினார்கள். கட்டடத்தில் பேச்சு தேவைப்பட்ட இடங்கள் நான்கு; எஞ்சிய பன்னிரண்டு இணைப்புகளுக்கும் கொடுத்த பணம் சுவரில் தூங்கிற்று. அதே சமயம், பணம் எண்ணும் மேசையில் ஆபத்து மணி ஒன்று வைக்க அவர்களுக்குத் தோன்றவில்லை. பொருள் பெரிதாக இருந்தது, தேவை தீரவில்லை.

சிறிது வரலாறு

1831-ல் அமெரிக்காவின் ஆல்பனி நகரில் ஜோசப் ஹென்றி என்ற ஆசிரியர், ஏறத்தாழ ஒரு மைல் நீளமுள்ள கம்பியின் ஒரு முனையில் மின்சாரத்தைச் செலுத்தி, மறுமுனையில் மணியொன்றை ஒலிக்கச் செய்து காட்டினார். தேனிரும்பில் கம்பியைச் சுற்றி மின்சாரம் பாய்ச்சினால் அது காந்தமாகிறது. மின்சாரம் நின்றால் காந்தத் தன்மை நீங்கிவிடுகிறது. பிற்காலத்தில் வந்த மின்மணியில் காந்தம் சுத்தியை இழுக்கும்போதே மின்சுற்று அறுபடுகிறது; சுத்தி திரும்பினால் சுற்று மீண்டும் கூடுகிறது. பொத்தானை அழுத்தியிருக்கும்வரை மணி இடைவிடாது அடிப்பது இவ்வாறே.

1876-ல் கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றார். ஆறே ஆண்டுகளில், 1882-ல், கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் தொலைபேசி நிலையங்கள் தோன்றின. நடுவில் ஆள் இருந்து இணைப்புத் தரும் முறையை மாற்றித் தானே இணைக்கும் எக்ஸ்சேஞ்சுக்கு 1891-ல் காப்புரிமை பெற்றவர் ஸ்ட்ரோஜர். அவர் ஈமச்சடங்குத் தொழில் நடத்தியவர். தம்மைத் தேடி வந்த அழைப்புகளை இணைப்புத் தரும் பெண்மணி போட்டிக்காரருக்குத் திருப்பிவிட்டதாக அவர் ஐயுற்றதே இதற்குக் காரணம் என்று சொல்வார்கள். நம் நாட்டில் 1984-ல் மத்திய அரசு நிறுவிய சி-டாட் நிறுவனம், நம் வெப்பத்தையும் தூசியையும் தாங்கும் சிறு எக்ஸ்சேஞ்சுகளை வடிவமைத்துக் கிராமங்களுக்குக் கொண்டு சென்றது. ஒரு காலத்தில் ஓர் அறையையே அடைத்துக்கொண்டிருந்த எக்ஸ்சேஞ்சு, இன்று கணக்குப் புத்தக அளவுள்ள பெட்டியாகச் சுவரில் தொங்குகிறது.

முதலில் கட்டடத்தை அளந்து எழுதுக

கடைக்குச் செல்லுமுன் ஒரு தாளை எடுத்துக்கொள்ள வேண்டும். கட்டடத்தின் படத்தைக் கோடுகளாக வரைந்து, ஆட்கள் இருக்கும் இடங்களைக் குறிக்க வேண்டும். பிறகு ஒவ்வோர் இடத்துக்கும் நான்கு கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். இங்கிருந்து யாரை அழைக்க வேண்டும்? அழைப்பு மட்டும் போதுமா, பேச வேண்டுமா? ஒரு நாளில் எத்தனை முறை தேவைப்படுகிறது? அழைப்புக் கேட்காமற் போனால் என்ன நேரும்?

இந்த நான்காவது கேள்வியே தலையாயது. தேநீர் வாங்கிவர அழைப்பதும், மூட்டை சரிந்து விழுந்தவர் உதவி கேட்டு அழைப்பதும் ஒன்றல்ல.

செட்டிநாட்டில் பல நிறுவனங்கள் பழைய வீடுகளிலேயே இயங்குகின்றன. ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல் என்று நீண்டு கிடக்கும் வீடுகள் அவை. முகப்பிலிருந்து வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று கடந்து பின்கட்டுக்குப் போவதற்குள் குரல் தேய்ந்துவிடும். அந்நாளில் ஆச்சிமார் ஆள்விட்டு அழைத்தனர்; இன்று அத்தனை ஆட்கள் இல்லை. இவ்வீடுகளின் சுவர் கனமானது. கம்பியில்லா மணிகளின் அலை இத்தகைய சுவர் மூன்றைக் கடப்பதற்குள் வலுவிழந்துவிடும். "நூறு மீட்டர் எட்டும்" என்று அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருப்பது திறந்த வெளிக்குரிய கணக்கு என்பதை மறவாதிருக்க வேண்டும்.

வகைகளும் அவற்றின் குணங்களும்

கம்பிவழி மணி: பொத்தான், மணி, இடையே இரண்டு ஒயர், 12 வோல்ட் டிரான்ஸ்பார்மர் ஒன்று, இவ்வளவே. பல இடங்களிலிருந்து அழைப்பு வருமானால், எங்கிருந்து வந்தது என்று காட்ட எண் விளக்குப் பலகை ஒன்று சேர்க்க வேண்டும். சாயப்பட்டறை போன்ற ஈரமான இடத்தில் பொத்தான் வைக்க நேர்ந்தால் 12 வோல்ட் முறையைத் தவிர வேறொன்றையும் நாடலாகாது. ஈரக்கையுடன் 230 வோல்ட் பொத்தானை அழுத்துவது உயிரோடு விளையாடுவதாகும். தறிக்கூடத்தில் ஓசை மிகுதியாதலால் மணியோடு ஒரு சிவப்பு விளக்கும் எரியும்படி அமைப்பது நலம். காது மந்தமான முதிய நெசவாளருக்கும் அது பயன்படும்.

கம்பியில்லா மணி: சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. சுவரைக் குடைய வேண்டுவதில்லை. வாடகைக் கட்டடத்துக்கு ஏற்றது. ஆனால் பொத்தானுக்குள் இருக்கும் சிறு பேட்டரி தீர்ந்தால் எச்சரிக்கையின்றி ஊமையாகிவிடும். அண்டைக் கடையில் அதே வகை மணி இருந்தால், குறியீட்டை மாற்றி வைக்காவிடில் அவர் பொத்தானுக்கு நம் மணி அடிக்கும்.

இரண்டு கருவி உட்தொலைபேசி: ஒரு முனையில் ஒன்று, மறுமுனையில் ஒன்று; எடுத்தால் மறுமுனை ஒலிக்கும். முன்வாசல் காவலருக்கும் மாடி அலுவலகத்துக்கும் இடையே பேச இதுவே போதும்.

சிறு எக்ஸ்சேஞ்சு: மூன்று வெளி இணைப்பும் எட்டு உள் இணைப்பும் கொண்டதை வியாபாரிகள் "308" என்றும், நான்கும் பதினாறும் கொண்டதை "416" என்றும் வழங்குகின்றனர். சாதாரணத் தொலைபேசிக் கருவிகளையே இதில் பொருத்தலாம். ஒரு கருவி பழுதானால் எந்த ஊர்க் கடையிலும் வேறு வாங்கலாம். நடுத்தரச் சங்கத்துக்கு இது ஏற்றது. வெளி இணைப்புச் சேர்ப்பதாயின் தொலைத்தொடர்புத் துறைக்குரிய சான்று பெற்ற கருவிதானா என்று கேட்டு, எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும்.

கணினி வலைவழித் தொலைபேசி: கணினிக்குப் போடும் அதே வடத்தில் பேச்சும் செல்லும். முன்னரே எல்லா அறைகளிலும் வலை இருந்தால் நன்று. ஆயின் செப்பு வலைவடம் ஓர் ஓட்டத்துக்கு 100 மீட்டருக்கு மேற்செல்லாது. நடுவிலுள்ள சுவிட்ச்சுப் பெட்டி நின்றால் அத்தனை கருவிகளும் நின்றுவிடும். பழுதுபார்க்கத் தெரிந்தவர் அருகில் உண்டா என்று பார்த்தே இறங்க வேண்டும்.

"இத்தனையும் எதற்கு? எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறதே!" என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. நான்கு பேர் பணிபுரியும் சங்கத்துக்கு அதுவே போதும். ஒரு காசும் செலவிட வேண்டாம். ஆனால் செல்போன் ஆளுக்கு உரியது, இடத்துக்கு உரியதன்று. கிடங்குக்காரர் விடுப்பில் போனால் அவர் எண்ணும் விடுப்பில் போகிறது. தகரக் கூரைக்கும் கனத்த சுவருக்கும் இடையே சமிக்ஞை எட்டாத மூலைகளும் உண்டு. தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் காவடியும் கூட்டமும் குன்றக்குடியை நிறைக்கும் நாட்களில், ஒரே கோபுரத்தை ஆயிரக்கணக்கானோர் நாடும்போது, அழைப்புக் கிடைப்பதே அரிதாகிவிடும். விற்பனை மிகுந்த நாளும் அதுவே.

மலிவு எது? ஒரு கணக்கு

வாங்கும் அன்று கொடுக்கும் விலை மட்டும் விலையன்று. ஐந்தாண்டுகளில் ஆகும் மொத்தச் செலவே விலை. எண்களை உதாரணமாகக் கொண்டு பார்ப்போம். அவரவர் ஊர் விலையை அவரவர் இட்டுக்கொள்க.

நான்கு இடங்களுக்குக் கம்பியில்லா மணி, ஒன்று ரூ. 600 வீதம், ரூ. 2,400. பேட்டரி ஒன்று ரூ. 40, ஆண்டுக்கு இருமுறை மாற்றினால் நான்குக்கும் ஐந்தாண்டில் ரூ. 1,600. இடையில் ஒருமுறை மணிகளையே புதிதாக வாங்க நேரும், மீண்டும் ரூ. 2,400. ஆக ரூ. 6,400.

அதே நான்கு இடங்களுக்குக் கம்பிவழி மணியும் பலகையும் ஒயரும் கூலியும் சேர்ந்து ரூ. 5,500. பழுதுபார்ப்பு ஆண்டுக்கு ரூ. 200 வீதம் ரூ. 1,000. ஆக ரூ. 6,500.

முதல் நாளில் பாதிக்கும் குறைவாகத் தோன்றியது, ஐந்தாம் ஆண்டு முடிவில் ஏறக்குறையச் சமமாகிவிட்டது. சொந்தக் கட்டடமாயின் கம்பிவழியே சாலச் சிறந்தது என்பது நம் கருத்து. இரண்டாண்டில் காலி செய்ய வேண்டிய வாடகை இடமாயின் கம்பியில்லாததே சிக்கனம்.

ஒயர், மின்னல், பேட்டரி

எக்ஸ்சேஞ்சு வைக்கும்போது ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி ஜோடிக் கம்பி எக்ஸ்சேஞ்சு வரை வரவேண்டும். ஆகவே பெட்டியை ஒரு மூலையில் வைக்காமல் கட்டடத்தின் நடுவில் வைத்தால் ஒயர் குறையும். ஆறு கருவிகளுக்கு முறையே 8, 12, 15, 20, 30, 35 மீட்டர் என்றால் கூட்டுத்தொகை 120. ஏற்ற இறக்கத்துக்குக் கருவிக்கு 3 மீட்டர் வீதம் 18. ஆக 138. பத்தில் ஒரு பங்கு சேதாரம் சேர்த்தால் ஏறத்தாழ 152 மீட்டர். கணக்குக் கையில் இருந்தால், 300 மீட்டருக்குப் பட்டியல் எழுதுவோரிடம் காரணம் கேட்க முடியும்.

ஒயர் முழுச் செம்பாக இருக்க வேண்டும். அலுமினியத்தின்மேல் செம்பு முலாம் பூசியது மலிவாகக் கிடைக்கிறது. முனையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெளுத்துத் தெரியும். இரும்பின்மேல் பூசியதைக் காந்தம் காட்டிக்கொடுக்கும். தொலைபேசி ஒயரை மின்விளக்கு ஒயரோடு ஒரே குழாயில் இழுக்கக் கூடாது; ஓரடியேனும் விலகிச் செல்ல வேண்டும். இல்லாவிடில் இரைச்சல் மட்டுமன்று, ஆபத்தும் உண்டு. தொலைபேசி ஒயர்தானே என்று அலட்சியமாகவும் தொடலாகாது. மணி ஒலிக்கும் தருணத்தில் அதில் சுமார் 75 வோல்ட் மாறுமின்சாரம் ஓடும்.

கோடை இடியும் ஐப்பசி, கார்த்திகை இடியும் நம் பக்கத்தில் வலுவானவை. முதன்மைக் கட்டடத்திலிருந்து தனிக் கிடங்குக்குத் தலைக்குமேல் இழுக்கும் ஒயரே மின்னல் புகும் வழி. அதை மண்ணுக்குள் குழாயில் கொண்டு செல்வதும், எக்ஸ்சேஞ்சு முனையில் மின்னல் தடுப்பான் பொருத்துவதும், நல்ல எர்த் இணைப்புத் தருவதும் தவிர்க்க ஒண்ணாதவை. நம் செம்பாறை நிலம் கோடையில் காய்ந்துவிடுவதால் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றி வருதல் வேண்டும். நீர் ஊற்றாத எர்த் பெயரளவில்தான் எர்த்.

பேட்டரி நம் வட்டாரத்துக்கு அந்நியப் பொருளன்று. வள்ளல் அழகப்பச் செட்டியார் வழங்கிய 300 ஏக்கர் நிலத்தையும் 15 லட்சம் ரூபாயையும் கொண்டு, 1948-ல் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்ட, 1953-ல் திறக்கப்பெற்ற காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வுக்கூடம், மின்கலங்களையும் துருவையும் ஆராயும் இடமாகும். குன்றக்குடி அடிகளார் (1925–1995) முன்னின்று நடத்திய கிராமத் திட்டத்துக்கும் அந்த ஆய்வுக்கூடம் துணை நின்றது. அறிவியல் ஆய்வுக்கூடத்தின் வாயிலோடு நிற்காமல் ஊருக்குள் வரவேண்டும் என்பதே அம்முயற்சியின் கருத்து. அக்கருத்தையொட்டி ஒரு சிறு கணக்கை அன்பர்கள் மனத்தில் கொள்ளலாம். எக்ஸ்சேஞ்சு 20 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், நான்கு மணி நேர மின்தடைக்கு 80 வாட்-மணி வேண்டும். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியின் ஏட்டுக்கணக்கு 84. ஆனால் ஏட்டில் உள்ளதெல்லாம் கைக்கு வாராது. பாதி முதல் மூன்றில் இரு பங்கு வரையே நம்பலாம். ஆகையால் நான்கு மணி நேரம் வேண்டுமாயின் இரண்டு பேட்டரிகள் வேண்டும். மின்சாரம் போகும்போது உடன் போய்விடும் அழைப்பு முறை, வேண்டும்போது உதவாத உறவினருக்கு ஒப்பாகும்.

நாம் கற்ற பாடம்

இனிச் சொல்வது நமக்குப் பெருமை தருவதன்று. ஆயினும் சொல்லாமல் விடுவது முறையன்று.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சங்கத்தை ஆய்வு செய்தோம். கிடங்கில் கம்பியில்லா அவசர மணி ஒன்று இருந்தது. இருப்புப் பதிவேட்டில் அது முறையாக ஏறியிருந்தது. பொருளும் சுவரில் இருந்தது. பதிவேட்டையும் பொருளையும் ஒப்பிட்டோம், சரியென்று கையொப்பமிட்டோம். பொத்தானை அழுத்திப் பார்க்கவில்லை.

அடுத்த மாதம் ஒரு நண்பகலில் உர மூட்டை அடுக்குச் சரிந்து, சுமைப்பணியாளர் ஒருவரின் கால் அடியில் சிக்கியது. கைக்கெட்டும் தூரத்திலேயே பொத்தான் இருந்தது. அழுத்தினார், மீண்டும் மீண்டும் அழுத்தினார். பேட்டரி எப்போதோ தீர்ந்திருந்தது. மாடியில் மின்விசிறி ஓசையில் அவர் குரலும் கேட்கவில்லை. உரம் வாங்க வந்த விவசாயி ஒருவர் தற்செயலாக எட்டிப் பார்க்கும்வரை அரைமணி நேரத்துக்குமேல் அவர் அங்கேயே கிடந்தார். கால் பிழைத்தது, ஆனால் பழையபடி மூட்டை தூக்க இயலவில்லை.

அவரைப் பின்னர்க் காணச் சென்றோம். குறை கூறவில்லை. "மணி இருக்குதுன்னு நம்பித்தானுங்க ஐயா தனியா உள்ளே போனேன், இல்லைன்னா ஒருத்தரைத் துணைக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருப்பேன்" என்று மட்டும் சொன்னார். அச்சொல் இன்றும் நம் செவியில் இருக்கிறது. வேலை செய்யாத மணி, மணியே இல்லாததைவிடத் தீயது. இல்லையென்றால் மனிதன் எச்சரிக்கையாக இருப்பான். இருக்கிறதென்று நம்பினால் எச்சரிக்கையைக் கைவிடுவான். அந்த நம்பிக்கைக்கு நம் கையொப்பமும் ஒரு சாட்சியாக நின்றது.

வாங்கும் முறை

தேவைப் பட்டியலை நிர்வாகக் குழுவின் முன் வைத்துத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். துணைவிதிகளும் சுற்றறிக்கைகளும் கூறும் முறைப்படி விலைப்புள்ளிகளைப் பெற வேண்டும். எல்லா வியாபாரிகளுக்கும் ஒரே பட்டியலைக் கொடுத்தாலன்றி விலைகளை ஒப்பிட இயலாது. கருவி, ஒயர், கூலி, வரி ஆகியவற்றைத் தனித்தனியே எழுதச் சொல்ல வேண்டும். உத்தரவாதக் காலம், அதற்குப்பின் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம், பழுது என்று சொன்னால் எத்தனை நாளில் வருவார் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். இரண்டு இணைப்புகள் கூடுதலாக இருக்கட்டும், பன்னிரண்டு வேண்டாம். வேலை முடிந்ததும் எந்த ஒயர் எங்கே செல்கிறது என்ற படத்தை வாங்கிக் கோப்பில் வைத்த பிறகே கடைசித் தொகையைத் தருவது நலம்.

நகைக்கடன் வழங்கும் சங்கங்களுக்கு ஒரு வார்த்தை. காசாளர் மேசையின் அடியில் காலால் அழுத்தும் பொத்தான் ஒன்று வேண்டும். அதன் மணி காசாளர் அறையில் ஒலிக்கலாகாது. மாடியிலும் வாசற்காவலரிடத்தும் ஒலிக்க வேண்டும். இதைக் கம்பிவழியாக அமைப்பதே தக்கது.

மாதம் ஒரு முறை

எந்த முறையைத் தேர்ந்தாலும் மாதத்தின் முதல் வேலைநாளில் காலை வேளை ஒவ்வொரு பொத்தானையும் அழுத்திப் பார்க்க வேண்டும். ஒருவர் அழுத்த, மற்றொருவர் கேட்க வேண்டும். பிறகு மின்சாரத்தை நிறுத்திவிட்டு மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும். ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, இடம், "ஒலித்தது" அல்லது "ஒலிக்கவில்லை", பார்த்தவர் கையொப்பம் ஆகிய நான்கு பத்திகள் போதும். இதற்குப் பத்து நிமிடமும் ஆகாது.

அந்த நிகழ்ச்சிக்குப்பின் எந்தச் சங்கத்துக்கு ஆய்வுக்குச் சென்றாலும் முதலில் கிடங்குக்குச் சென்று பொத்தானை அழுத்துகிறோம். மாடியிலிருந்து எவரேனும் இறங்கி வந்தால்தான் பதிவேட்டைத் திறக்கிறோம். வருகிறவர் சற்று மூச்சிரைக்க வருவார்; "என்னங்க ஐயா, என்ன ஆச்சு?" என்று கேட்பார். ஒன்றுமில்லை என்று சொல்லி நன்றி கூறுகிறோம். நிர்வாகிகளும் இதையே தம் வழக்கமாகக் கொண்டால், நாம் அழுத்திப் பார்க்க வேண்டிய அவசியமே இராது.